சேற்றில் வாழும் செல்வம்

பெங்களூருவில் பெய்யும் மழைநீரின் ஒரு பகுதி பெல்லந்தூர் ஏரியை அடைகிறது. அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கும், பின்னர்த் தென்பெண்ணை ஆற்றுக்கும் செல்கிறது. நந்தி மலைப்பகுதியில் தோன்றும் அந்த ஆறு ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகப் பாய்ந்து, கடலூருக்கு அருகில் வங்கக் கடலில் கலக்கிறது. ஆகவே, மேட்டுநிலத்தில் அமைந்த இந்நகரும் கடலோடு உறவுடையதே.

ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தின் ஓரங்களில், ஓதம் ஏறும்போது மூழ்கி, வற்றும்போது வெளிப்படும் சேற்றுநிலங்கள் உண்டு. காண்போர்க்கு அவை வெறுஞ்சேறாகத் தோன்றும். ஆனால், அச்சேற்றுக்குள் கடற்புழு, மட்டி, நத்தை, நண்டு முதலிய எண்ணற்ற உயிர்கள் வாழ்கின்றன. புழுக்கள் வளை தோண்டுவதால் சேற்றினுள் உயிர்வளி புகுகிறது. மட்டிகள் நீரை வடிகட்டி உண்கின்றன. மீன்களுக்கும், குளிர்காலத்தில் வடதிசையிலிருந்து கோடியக்கரைக்கு வரும் உள்ளான் பறவைகளுக்கும் இச்சிற்றுயிர்கள் இரையாகின்றன.

இவ்வுயிர்களுள் பல, முட்டையிலிருந்து வெளிவந்தவுடன் மிகச் சிறிய இளவுயிரிகளாக நீரில் மிதக்கின்றன. சில நாள்களோ, சில வாரங்களோ நீரோட்டம் அவற்றைச் சுமந்து செல்கிறது. ஏற்ற சேறு கிட்டுமிடத்தில் அவை தங்கி வளர்கின்றன. பிறந்த மண் வேறு. வாழும் மண் வேறு. ஒரு சேற்றுநிலம் புயலால் சிதைந்தாலும், மற்றொன்றிலிருந்து வரும் இளவுயிரிகள் அதனை மீண்டும் உயிர்பெறச் செய்கின்றன.

கோடியக்கரை 2002ஆம் ஆண்டிலும், பிச்சாவரம் 2022ஆம் ஆண்டிலும் ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. இது பாராட்டத்தக்கது, ஆயினும், போதுமானதன்று. இரண்டு இடங்களைக் காத்து, இடைப்பட்ட சிறு கழிமுகங்களைக் கைவிட்டால் தொடர்பு அறுந்துவிடும். பெங்களூருவே இதற்குச் சான்று. ஏரிகளை இணைத்த ராஜகாலுவைகள் பல இடங்களில் ஆக்கிரமிக்கப்பட்டன. 2022 செப்டம்பரில் பெய்த பெருமழையில் வழியற்ற நீர் வீதிகளிலும் வீடுகளிலும் புகுந்தது.

துறைமுகமும் இறால் பண்ணையும் பலருக்கு வேலை தருகின்றனவே என்று சிலர் கேட்பர். அது நியாயமான கேள்வியே. ஆனால், பிச்சாவரத்தில் இறாலும் நண்டும் கையால் பிடித்து வாழும் இருளர் மக்களுக்குச் சேறும் நீருமே வயல். பண்ணையை வேறிடத்தில் அமைக்கலாம். சேற்றுநிலத்தை அவ்வாறு அமைத்தல் அரிது. 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயிர்கள் செழித்த சேற்றுநிலங்களையும் காக்கப்பட வேண்டியவற்றுள் சேர்த்தது. சட்டம் ஏட்டளவில் நின்றுவிடலாகாது.

எனவே, கழிமுகங்களைத் தனித்தனியே கருதாமல், ஒரே தொடராகக் கருதிக் காத்தல் வேண்டும். அப்பணி கடற்கரையில் மட்டும் தொடங்குவதன்று. வர்த்தூர் ஏரியில் பொங்கிய நுரை, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையிலும் காணப்பட்டது. கழிவுநீரைத் தூய்மைப்படுத்தியே ஏரியில் விடுவது, ஆற்றின் தலைப்பகுதியில் வாழும் நகரத்தாரின் கடமையாகும்.

சிந்தித்து எழுதுக:
1. ஒரு சேற்றுநிலம் அழிந்தால் மற்றவை எவ்வாறு பாதிக்கப்படும்?
2. உன் வீட்டுக்கு அருகிலுள்ள ஏரியின் நீர் எங்குச் செல்கிறது? பெரியோரிடம் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக.