மரத்துக்குத் தனி பெல்ட்

மே மாதம் பிறந்தால் நவி மும்பையின் மரங்களுக்கு முடிவெட்டும் காலம். மழைக்கு முன் கிளை கழித்துவிட வேண்டுமென்று ஐரோலியின் செக்டர்களிலும் குடியிருப்பு வளாகங்களிலும் அவசரம். காரணம் இல்லாமல் இல்லை. 2017 ஜூலையில் செம்பூரில் தென்னை சாய்ந்ததில், வழியே நடந்துபோன பெண் இறந்தார். மரம் விழுந்தால் ஊரே பேசுகிறது. மரத்தில் ஏறியவர் விழுந்தால்?

பக்கத்துக் கட்டட வேலையிடத்திலிருந்து ஒரு பெல்ட்டை இரவல் வாங்கி மாட்டினால் போதும் என்று தோன்றலாம். போதாது. அந்த பெல்ட் விழுந்த பிறகு பிடிப்பதற்கானது. முதுகு வளையத்தில் தொங்கும் கயிறு சுமார் 1.8 மீட்டர். அதிர்ச்சி தாங்கும் மடிப்பு பிரிந்தால் இன்னும் நீளும். ஆளின் உயரத்தையும் சேர்த்தால், கட்டிய இடத்துக்குக் கீழே ஏறக்குறைய 20 அடி வெற்றிடம் வேண்டும். 15 அடிக் கிளையிலிருந்து விழுபவரை பெல்ட்டுக்கு முன் தரை பிடித்துவிடும்.

மரவேலைக்குத் தேவை, விழவே விடாமல் தாங்கும் ஹார்னஸ். இடுப்பில் அகலப் பட்டை, இரு தொடைகளுக்கும் பட்டை, கயிறு மாட்டும் வளையம் முன்பக்கம். வெறும் இடுப்பு பெல்ட் வேண்டாம்; தவறினால் முழு விசையும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும்.

வாங்கினால் மட்டும் போதாது, உடம்புக்குப் பொருத்த வேண்டும். இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேல் நிற்க வேண்டும். தொடைப் பட்டைக்குள் விரித்த கை நுழையலாம், முஷ்டி நுழையக் கூடாது. ஏறுமுன் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் சில நிமிடம் தொங்கிப் பார்த்தால் எங்கே அறுக்கிறது, எங்கே நழுவுகிறது என்பது தெரிந்துவிடும். பனையேறிகளின் தளைநார் ஏறுபவரின் காலுக்கு அளவானது. ஹார்னஸும் அப்படித்தான். நாலு பேருக்கு ஒன்று என்பது கணக்குக்குச் சரி, உயிருக்குச் சரியல்ல.

கயிறு 11 முதல் 13 மில்லிமீட்டர் தடிமனில், அதிகம் இழுபடாத நைலான் அல்லது பாலியெஸ்டராக இருக்கட்டும். தேங்காய் நார்க் கயிறு ஈரத்தில் மக்கும். எப்போது அறும் என்று சொல்லாது. நைலானுக்கு வெயில் பகை. தினமும் விரல்களால் தடவி, வெட்டு, விறைப்பு, உருகிய பளபளப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொக்கி தானே பூட்டிக்கொள்ளும் வகையாக இருப்பது நல்லது. தண்டைச் சுற்றும் கயிற்றில் இரண்டடிக்கு மேல் தொய்வு ஆகாது. கட்டுவது தடித்த, உயிருள்ள கிளையின் அடியில். தென்னை மட்டையில் ஒருபோதும் இல்லை. ரம்பத்தைத் தொடுமுன் இரண்டு தனிக் கயிறுகள் கட்டியிருக்க வேண்டும். ஒன்று தவறுதலாக அறுபட்டாலும் மற்றது நிற்கும்.

கீழே இன்னொருவர், தனக்கான கயிறோடும் ஏறத் தெரிந்தவராகவும் இருப்பது கட்டாயம். ஹார்னஸில் அசைவற்றுத் தொங்குபவருக்குச் சில நிமிடங்களே உயிராபத்தாகலாம். தீயணைப்பு வண்டி வரும்வரை காத்திருக்க முடியாது.

மகாராஷ்டிரத்தின் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி நகரத்தில் மரத்தை வெட்ட முன் அனுமதி வேண்டும். கான்ட்ராக்டரிடம் அந்தக் காகிதத்தைக் கேட்கும் ஹவுசிங் சொசைட்டி செயலாளர், ஏறுபவரின் ஹார்னஸையும் காட்டச் சொல்லலாம். கூடுதலாக ஆவது ஐந்து நிமிடம்.