சில நாள் கிளம்பும், சில நாள் கிளம்பாது



அடியோடு பழுதாகிவிட்ட காரால் அவ்வளவு தொல்லை இல்லை. மெக்கானிக்கிடம் ஒப்படைத்துவிட்டால் நம் வேலை முடிந்தது. ஒன்பது நாள் ஒழுங்காகக் கிளம்பிவிட்டுப் பத்தாம் நாள் மௌனம் சாதிக்கும் காரே நம்மை உண்மையில் சோதிக்கிறது. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு சென்றால் சாவியைத் திருகியவுடன் கிளம்பி, நம்மையே பொய்யராக்கிவிடும்!

கீழக்கரையில் எங்கள் வீட்டில் நடந்தது இது. ரமளான் மாதத்தின் ஓர் இரவு. ஸஹர் நேரம் இன்னும் ஆகவில்லை. உம்மாவுக்கு மூச்சிரைப்பு முற்றி, பேச முடியாத நிலை. இராமநாதபுரம் மருத்துவமனைக்குக் கொண்டு போக அவர்களைக் காரில் அமர்த்தி, விளக்கைப் போட்டு, சாவியைத் திருகினேன். ‘டக்’ என்று ஒரேயொரு ஒலி. அவ்வளவுதான். மீண்டும் மீண்டும் திருகியும் அதே ‘டக்’. பழைய பாட்டரிதான் காரணம் என்று கூறி, மூன்று நாட்களுக்கு முன்புதான் ஒருவர் புதிய பாட்டரி பொருத்திக் கொடுத்திருந்தார். அண்டை வீட்டுப் பிள்ளைகள் ஓடி வந்து தள்ள, இரண்டாம் கியரில் வண்டி உயிர் பெற்றது. உம்மா நலமுடன் வீடு திரும்பினார்கள், அல்ஹம்துலில்லாஹ். (தள்ளிக் கிளப்புவது கையால் கியர் மாற்றும் வண்டிகளுக்கு மட்டுமே பொருந்தும், ஆட்டோமேட்டிக் வண்டியில் பயன் தராது.)

மறுநாள் எங்கள் தெருவில் வேன் ஓட்டும் காக்கா ஒருவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “தம்பி, சாவியைத் திருகும்போது விளக்கு மங்கியதா, அப்படியே எரிந்ததா?”

எண்ணிப் பார்த்தேன். எதிர்ச்சுவரில் விழுந்த வெளிச்சம் சற்றும் குறையவில்லை. கண்ணெதிரே கிடந்த சாட்சியை அந்தப் பதற்றத்தில் நான் கவனிக்கவேயில்லை.

இவ்வகைப் பழுதைப் பழுது நேரும் அந்த நொடியில்தான் பிடிக்க முடியும். சாவியைத் திருகும்போது ‘டிக் டிக் டிக்’ என்று விரைவாகத் தொடர் ஒலி எழுந்து விளக்கும் மங்கினால், பாட்டரியில் சக்தி குறைந்திருக்கும். அல்லது அதன் டெர்மினல்களில் பூஞ்சை போல உப்புப் படிந்திருக்கும். எஞ்சின் வழக்கம்போல் விரைவாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லையென்றால், பாட்டரியைக் குற்றம் சொல்வது வீண். எரிபொருளையோ பொறியையோ (ஸ்பார்க்) ஆராய வேண்டும். சூடேறிய எஞ்சினை அணைத்துச் சற்று நேரத்தில் மீண்டும் கிளப்பும்போது மட்டும் மறுத்தால், இக்கால வண்டிகளில் கிராங்க் சென்சார் மீது ஐயம் கொள்ளலாம். ஒலியே இல்லையெனில் சாவி சுவிட்சையும் ரிலேயையும் பார்க்க வேண்டும்.

விளக்கு பிரகாசமாக எரிய, ‘டக்’ என்ற ஒற்றை ஒலி மட்டும் கேட்டால்? பாட்டரியில் சக்தி இருக்கிறது. அது ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றவில்லை என்று பொருள். மோட்டாரோ அதன் சொலினாய்டோ தேய்ந்திருக்கலாம். எங்கள் வண்டியில் அவை இரண்டும் நலமாகவே இருந்தன. காக்காவின் யோசனைப்படி ஒரு மல்டிமீட்டரை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வண்டி மறுபடி அடம் பிடித்த காலையில் அதன் ஒரு முனையைப் பாட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மறு முனையை எஞ்சினின் இரும்பிலும் வைத்து, மகனைச் சாவி திருகச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டியது 6 வோல்ட்டைத் தாண்டியது! எஞ்சினையும் வண்டியின் உடலையும் இணைக்கும் எர்த் பட்டை, கடற்காற்றின் உப்பினால் உள்ளுக்குள்ளேயே அரித்துப் போயிருந்தது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. புதுப் பட்டைக்கு ஆன செலவு, தேவையின்றி வாங்கிய பாட்டரியின் விலையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அந்தப் பாட்டரிப் பணத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

எர்த் பட்டை பழுதானால் மின்சாரம் வேறு வழி தேடி ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியே பாயக்கூடும். கிளப்ப முயன்றபின் அவை சுடுகின்றனவா என்று தொட்டுப் பார்ப்பதும் ஒரு சோதனைதான்.

குடும்பத் தலைவர் வளைகுடா நாட்டில் இருக்க, கார் மாதக்கணக்கில் வாசலில் நிற்கும் வீடுகள் நம்மிடையே பல உண்டு. அங்கே பாட்டரியையே முதலில் பார்க்க வேண்டும். இரவு முழுதும் ஓய்வில் இருந்தபின் 12.6 வோல்ட் காட்டினால் அது நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் எஞ்சினை உறுமவிட்டு அணைப்பது போதாது. கிளப்பும்போது செலவானது திரும்பிச் சேரவே அது பற்றாமல் போகலாம். அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டி வாருங்கள்.

டெர்மினல்களை நீங்களே துடைப்பதானால், முதலில் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் வண்டியின் உடலில் பட்டுத் தீப்பொறி பறக்கும். பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியுமாதலால் அது ஆபத்து. சமையல் சோடா கலந்த நீரால் கழுவி, நன்கு உலர்ந்தபின் வயர்களை மாட்டி, மேலே வாஸலின் தடவிவிடுங்கள். கடலோர ஊர்களில் இதை ஆண்டுக்கு இரண்டு முறை செய்வது நலம்.