கடை கட்டியாச்சு, கல்லாவில் ஆள் எங்கே?

ஒரு சின்னக் கணக்குப் போடலாம், வாங்க. பயப்படாதீர்கள். பி.காம். படித்த எனக்கே கூட்டலும் வகுத்தலும்தான் ஞாபகம் இருக்கிறது.

2023 ஏப்ரல் 8. சென்னை வந்த பிரதமர், கோவைக்குப் போகும் வந்தே பாரத்துக்குக் கொடி அசைத்தார். எல்லா டி.வி.யிலும் பார்த்திருப்பீர்கள். அதே நாளில் இன்னொரு பாதையையும் துவக்கி வைத்தார். திருத்துறைப்பூண்டி - அகஸ்தியம்பள்ளி, 37 கிலோமீட்டர் அகலப்பாதை, செலவு 294 கோடி ரூபாய். 'அகஸ்தியம்பள்ளியா, அது எங்கேப்பா?' என்கிறீர்களா? வேதாரண்யத்துக்குப் பக்கத்தில். 1930-ல் ராஜாஜி உப்பு அள்ளப் போன சீமை.

294-ஐ 37-ஆல் வகுங்கள். கிலோமீட்டருக்கு எட்டு கோடி. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி. இதையும் வகுத்தால் கிலோமீட்டருக்கு 530 கோடி சொச்சம். 'சுரங்கம் தோண்டுறதும் பழைய மீட்டர் கேஜை அகலமாக்குறதும் ஒண்ணா சார்?' என்று சண்டைக்கு வராதீர்கள். ஒன்றில்லைதான். மெட்ரோவும் வேண்டும், நானும் அதில்தான் ஆபீஸ் போகிறேன். ஆனால் மெட்ரோவின் மூன்றே கிலோமீட்டர் பணத்தில் டெல்டாவில் இருநூறு கிலோமீட்டர் பாதை போடலாம் என்கிறபோது, 'கிராமத்துப் பாதைக்கெல்லாம் பணம் ஏது?' என்ற பதில் மட்டும் செல்லாது.

சரி, பணம் போட்ட இடத்திலாவது ஒழுங்காக ஓட்டுகிறோமா?

திருவாரூர் - காரைக்குடி பாதையைப் பாருங்கள். 149 கிலோமீட்டர். பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கி எல்லாம் இதில்தான். ஒரு காலத்தில் கம்பன் எக்ஸ்பிரஸ் ஓடிய பாதை. அகலமாக்குகிறோம் என்று 2012-ல் வண்டியை நிறுத்தினார்கள். முழுப் பாதையிலும் மறுபடி ரயில் ஓடியது 2019 ஜூனில். ஏழு வருஷம்! ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்த பிள்ளை ஏழாங்கிளாஸ் முடித்திருக்கும்.

போகட்டும், வந்துவிட்டதல்லவா? வந்த லட்சணத்தைக் கேளுங்கள். வழியில் நிறைய லெவல் கிராஸிங். அத்தனைக்கும் கேட் கீப்பர் போடவில்லை. அதனால் கேட் கீப்பர்களை ரயிலிலேயே ஏற்றி அனுப்பினார்கள். கேட் வந்ததும் வண்டி நிற்கும். முன்னால் இருப்பவர் இறங்கிப் போய்க் கேட்டை மூடுவார். வண்டி தாண்டிப் போய் மறுபடி நிற்கும். பின்னால் இருப்பவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். அடுத்த கேட்டில் மறுபடியும் இதே கூத்து. 149 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம். வந்தே பாரத் அதே ஆறு மணி நேரத்துக்குள் சென்னையிலிருந்து கோவைக்கே போய்விடுகிறது.

பிற்பாடு கேட்டுகளுக்கு ஆள் போட்டார்கள், நேரமும் குறைந்தது. அதைத்தான் நானும் சொல்கிறேன். தண்டவாளத்துக்குக் கோடி கோடியாகக் கொட்டிவிட்டு, கேட் கீப்பர் சம்பளத்தில் சிக்கனம் பார்ப்பது எந்த ஊர் அக்கவுன்டன்ஸி? தி.நகரில் கடை கட்டி, ஏ.சி. போட்டு, கல்லாவில் உட்கார ஆள் போடாமல் 'வியாபாரமே இல்லை' என்று புலம்புகிற முதலாளியைப் பார்த்திருக்கிறீர்களா?

ஆனால் கிளைப் பாதைகளைப் பற்றி நம் அதிகாரிகள் அப்படித்தான் புலம்புகிறார்கள். கூட்டமே இல்லையாம். எப்படி இருக்கும்? நீங்கள் பேராவூரணிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். காலையில் ஒரு வண்டியை விட்டால் அடுத்தது எப்போதோ. பஸ் ஸ்டாண்டிலோ நின்றால் ஏதாவது ஒன்று வந்துவிடும். எதில் போவீர்கள்? கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் வண்டிக்கெல்லாம் எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்து, பத்து ரூபாய் டிக்கெட்டை முப்பது ஆக்கினார்கள். 2024 பிப்ரவரியில்தான் பழையபடி பத்துக்கு வந்தது. வாடிக்கையாளரை இத்தனை வருஷம் விரட்டிவிட்டு, இப்போது தலையை எண்ணி என்ன பிரயோஜனம்?

அடுத்த பல்லவி, நஷ்டம். பட்டுக்கோட்டையில் ஏறுகிறவர் திருவாரூரோடு இறங்கிவிடுவதில்லை சார். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார், திருச்சிக்குப் போகிறார், சென்னைக்கே போகிறார். கிளைப் பாதைக்குத் தனி லெட்ஜர் போட்டால் நஷ்டம்தான் தெரியும். அவர் மெயின் லைனில் கொண்டுவந்து சேர்த்த காசு யார் கணக்கில் வருகிறது? இன்னொன்று. ஊராட்சி ரோடு போடும்போது 'இந்த ரோடு லாபமா?' என்று யாராவது கேட்டதுண்டா? ரயிலுக்கு மட்டும் ஏன் இந்தக் கேள்வி?

பஸ் இருக்கிறதே, போதாதா என்பவர்கள் தஞ்சாவூர் பஸ்ஸில் ஒரு கர்ப்பிணியோடோ, மூட்டுவலிக்காரப் பெரியவரோடோ பயணம் செய்துவிட்டு வந்து பேசட்டும். ரயிலில் போகலாமே என்றால் பட்டுக்கோட்டையிலிருந்து திருவாரூரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். தஞ்சாவூருக்கு நேர்ப்பாதை கேட்டுக் கேட்டு அந்த ஊர்க்காரர்களுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. தண்டவாளம் இன்னும் வரவில்லை.

புல்லட் ரயில் கேட்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பாசஞ்சர், எல்லா நாளும். எல்லாக் கேட்டிலும் ஆள். திருவாரூரில் இறங்கினால் தஞ்சாவூர் வண்டி கண்ணெதிரே கிளம்பிப் போகாமல் காத்திருக்க ஒரு டைம்டேபிள். ஸ்டேஷன் வாசல் வரை ஒரு டவுன் பஸ். மூன்று வருஷம் இப்படி ஓட்டிவிட்டு அப்புறம் தலையை எண்ணட்டும்.

அடுத்த தடவை உங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு எம்.பி. கொடி அசைக்க வந்தால் மாலை, சால்வை எல்லாம் தாராளமாகப் போடுங்கள். போட்டுவிட்டு, 'இந்த வண்டி போச்சுன்னா அடுத்த வண்டி எத்தனை மணிக்குங்க?' என்று மைக்கில் கேட்டுவிடுங்கள்.