பனி நாட்டு டயரும் குச்சவெளி மாரியும்

குச்சவெளியிலும் நிலாவெளியிலும் பிறந்து இன்று ஜேர்மனியிலோ நோர்வேயிலோ கனடாவிலோ வாழ்கிறவர்களில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒக்டோபர் மாதம் என்றால் டயர் மாற்றும் மாதம். கோடை டயரைக் கழற்றி வைத்துவிட்டுப் பனிக்கால டயரைப் பூட்டுவார்கள். சம்பளத்தில் அதற்கென்று ஒரு தொகை ஒதுங்கியிருக்கும். யாரும் அதை ஆடம்பரம் என்று சொல்வதில்லை. அதே ஆட்கள் நத்தார் விடுமுறைக்கு ஊருக்கு வந்து, கட்டுநாயக்கவிலிருந்து வாடகை வானில் ஏறி, அடைமழையில் திருகோணமலை தாண்டிப் புல்மோட்டை வீதியில் வருகிறார்கள். அந்த வானின் டயரைக் குனிந்து பார்ப்பவர் அரிது. குற்றம் அவர்களுடையது அல்ல. அங்கே பருவத்துக்கேற்ற டயர் என்பது சட்டமாகவும் பழக்கமாகவும் இருக்கிறது. இங்கே இரண்டுமாக இல்லை. வடக்குக்கும் கிழக்குக்கும் மாரிகால டயர் விதி ஒன்று தேவை, அதுவும் விரைவில் தேவை என்பதுதான் என் வாதம்.

பனி நாடுகளின் சட்டங்கள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. ஜேர்மனியில் 2010 டிசம்பர் முதல், வீதியில் பனியோ உறைநீரோ இருந்தால் பனிக்கால டயர் கட்டாயம். 2024 ஒக்டோபருக்குப் பிறகு, மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் பொறித்த டயர் மட்டுமே பனிக்கால டயராகக் கணக்கில் வரும். இலக்கத்தகடு போலந்தா, பிரான்ஸா என்று பொலிஸார் கேட்பதில்லை. அந்த வீதியில் ஓடினால் அந்த வீதியின் விதிதான். மீறினால் 60 யூரோ தண்டமும் ஓட்டுநர் பதிவில் ஒரு புள்ளியும். ஒஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, பனிச் சூழலில் ஓடும் கார் டயரின் பள்ளம் 4 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. நோர்வே குளிர்காலத்துக்கு 3 மில்லிமீற்றர் கேட்கிறது. கியூபெக் தன் மாகாணத்தில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயமாக்கியிருக்கிறது. கனடாத் தமிழரில் பெரும்பாலோர் வாழும் ஒன்ராறியோவோ யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பனிக்கால டயர் பூட்டியவருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கொடுத்தே ஆகவேண்டும் என்று 2016 ஜனவரியிலிருந்து காப்புறுதி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. வழிகள் பலவாக இருந்தாலும், டயர் பொருந்த வேண்டியது பருவத்துக்கும் வீதிக்கும்தான் என்ற அடிப்படையில் எல்லா நாடுகளும் ஒன்றாகவே நிற்கின்றன.

நமக்குப் பனி இல்லை, மாரி இருக்கிறது. திருகோணமலை மாவட்டத்தின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்க்கிறது. புல்மோட்டை வீதி கடலுக்கும் களப்புக்கும் நடுவே போகிறது. போருக்குப் பின் பாலங்களும் காபற்றும் வந்தன. கூடவே வேகமும் வந்தது. கரையோர மணல் காற்றில் வந்து வீதியில் படியும். முதல் மழை அதை நனைத்துக் கூழாக்கும். அடுத்த மழையில் தாழ்வான இடங்களில் தண்ணீர் தேங்கி நிற்கும். இந்த வீதியில்தான் மீன் ஏற்றிய லொறிகள் விடியுமுன் ஓடுகின்றன, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய ஆட்டோக்கள் ஓடுகின்றன, இரவில் மாடுகள் படுத்துக் கிடக்கின்றன.

டயரில் பள்ளம் வெட்டியிருப்பது அழகுக்கு அல்ல. சக்கரத்துக்கும் தாருக்கும் இடையில் சிக்கும் தண்ணீர் வெளியேற அதுதான் வாய்க்கால். புதுக் கார் டயரில் அது ஏறக்குறைய 8 மில்லிமீற்றர் ஆழம். அதன் அடியில் குறுக்காகச் சிறு மேடுகள் இருக்கும். தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டால் மிச்சம் 1.6 மில்லிமீற்றர்தான் என்று அர்த்தம். ஐரோப்பிய நாடுகள் கோடையிலும் அனுமதிக்கும் கடைசி எல்லை அது. ஆனால் ஈர வீதியில் 3 மில்லிமீற்றருக்குக் கீழே போகும்போதே பிரேக் பிடிக்கும் தூரம் கண்கூடாக நீள்கிறது. வாய்க்கால் தூர்ந்துபோனால் தண்ணீர் போக இடமில்லை. வாகனம் தாரை விட்டுத் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் பயனில்லை, பிரேக்கை மிதித்தாலும் பயனில்லை. மொட்டை டயர் கோடையில் ஓட்டுநரைப் பெரும்பாலும் காட்டிக்கொடுக்காது. அதனால்தான் ஆடி, ஆவணியில் நன்றாக ஓடிய வண்டி கார்த்திகையில் கவிழ்ந்தால் விதி என்று சொல்லிவிடுகிறோம்.

இன்னொரு ஆபத்து எவர் கண்ணிலும் படாமல் இருக்கிறது. நம் வீதிகளில் ஓடும் வான்களிலும் கார்களிலும் பெரும்பகுதி ஜப்பானில் ஓடி, ரீகண்டிஷனாக இங்கே வந்தவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டபின் இவை மறுபடி வருகின்றன. ஜப்பானின் வடக்குப் பகுதிகள் கடும்பனிப் பிரதேசம். அங்கிருந்து வரும் வாகனம் பனிக்கால டயரோடேயே கப்பல் ஏறக்கூடும். பார்க்க அது புத்தம் புது டயர் போல இருக்கும், பள்ளமும் ஆழமாக இருக்கும்; வாங்குபவர் மகிழ்ந்துபோவார். ஆனால் அது 7 பாகைக்குக் கீழே இறுகாமல் இருப்பதற்காகச் செய்த மென்மையான இறப்பர். மார்கழியிலும் 25 பாகை அளவில் இருக்கும் நம் ஊரில் அது குழைந்து, ஈர வீதியில் பிடிமானம் இழந்து, வேகமாகத் தேய்ந்தும் போகும். டயரின் பக்கவாட்டில் மலையும் பனித்துகளும் உள்ள அடையாளமோ, 'ஸ்டட்லெஸ்' என்ற எழுத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். அதே இடத்தில் நான்கு இலக்கங்கள் தனியாக இருக்கும். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்த டயர். ஜப்பானிய பழைய வாகனங்களை நம்மைப் போலவே வாங்கும் நியூசிலாந்து இதைச் சும்மா விடவில்லை: பனிக்கால டயர் என்றால் நான்கு சக்கரத்திலும் அதுவே இருக்கவேண்டும், பள்ளம் 4 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது என்று வாகனத் தகுதிப் பரிசோதனையிலேயே பார்க்கிறது. நம் நாட்டில் தனியார் கார் ஒன்றுக்கு வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றும் காப்புறுதியும் காட்டவேண்டும். டயரைக் காட்டச் சொல்பவர் எவருமில்லை.

நான் கேட்கும் விதி, மாரி தொடங்குமுன் டயரின் பள்ளத்தை அளந்து, தேய்ந்த டயரை மாற்றச் சொல்வது. விலையைச் சொல்லி அதை மறுப்பார்கள். மறுப்பில் நியாயம் இருக்கிறது. 2022இல் ரூபாய் விழுந்தபோது டயர் விலை ஏறியது. ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. கடலுக்குப் போகாத மாரி மாதங்களில் வருமானமும் சுருங்கும் வாடியில் மீன் லொறிக்காரரிடம் நான்கு புது டயர் போடு என்பது கொடுமை. நான் கேட்பது இரண்டாவது சோடி டயர் அல்ல. எப்படியும் ஒருநாள் மாற்றத்தான் வேண்டிய டயரை மாரி முடிந்தபின் மாற்றாமல் மாரிக்கு முன் மாற்றுவது மட்டும்தான். மாசியில் செலவழிக்கும் காசைப் புரட்டாதியில் செலவழிக்கவேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். கையில் காசு இல்லாதவருக்கு அந்த ஐந்து மாதமும் பெரிது என்பதும் உண்மை. அதனால்தான் கூட்டுறவுச் சங்கங்களும் மீனவர் சங்கங்களும் டயருக்கென்று சிறு கடன் கொடுக்க முன்வரவேண்டும் என்கிறேன். இறப்பர் விளையும் நாடு இது. களனியில் கார் டயரும் லொறி டயரும் செய்கிறார்கள். பாதுகாப்புக்கு அவசியமான அளவுகளுக்கேனும் வரியைக் குறைக்க அரசாங்கம் யோசிக்கலாம். ரீபில்ட் டயரைப் பின்சக்கரங்களில் போடுவதையும் நான் தடுக்கச் சொல்லவில்லை. தரமாகக் கட்டியதாக இருந்தால் போதும், முன்சக்கரத்துக்கு மட்டும் வேண்டாம்.

விதி வந்தால் வீதியில் நிற்கும் பொலிஸுக்கு இன்னொரு வசூல் வழி திறக்கும் என்ற அச்சம் அதைவிடக் கனமானது. 'பார்த்தால் தேய்ந்த மாதிரி இருக்கிறது' என்று எவரும் எழுதித் தண்டம் விதிக்க இடம் வைத்தால் விதி கெட்டுப்போகும். அளவுகோலை வைத்து அளந்து, அளவை எழுதிக் கொடுக்கவேண்டும். முதல்முறை பிடிபட்டவருக்குத் தண்டம் கூடாது. இரண்டு வாரத் தவணை கொடுத்து, மாற்றிய டயரோடு வந்து காட்டச் சொல்லவேண்டும். முதலாவது ஆண்டில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வான்களிலும் ஆட்டோக்களிலும் சுற்றுலா வான்களிலும் தொடங்கலாம்; தனியார் மோட்டார் சைக்கிளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வேகமும் மாடும் இருட்டும்தான் விபத்துக்குக் காரணம், டயர் அல்ல என்று சொல்வோரும் உண்டு. மாட்டைக் கண்டு பிரேக்கை மிதிக்கும் அந்த நொடியில், வண்டி மாட்டுக்கு இப்பால் நிற்குமா அப்பால் போகுமா என்பதைத் தீர்மானிப்பது டயர்தான். வேகக் கட்டுப்பாட்டையும் வீதி விளக்கையும் கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவற்றுக்குப் பெரும் செலவும் நீண்ட காலமும் ஆகும். டயரை அளக்கும் கருவியோ சட்டைப்பையில் அடங்கும்.

சட்டம் நாடாளுமன்றத்துக்குப் போய் வர நாளெடுக்கும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் இரண்டு உண்டு. காப்புறுதி நிறுவனங்கள் ஒன்ராறியோவின் வழியில், ஒக்டோபருக்கு முன் டயர் அளந்து காட்டுபவருக்குக் கட்டணத்தில் கழிவு கொடுக்கலாம். விபத்து நட்டஈட்டில் மிச்சமாவது அவர்களுக்குத்தானே. குச்சவெளிப் பிரதேச செயலகம் ஒவ்வொரு புரட்டாதியிலும் நிலாவெளியிலும் குச்சவெளிச் சந்தியிலும் புல்மோட்டையிலும் இரண்டு நாள் இலவசமாக டயர் அளக்கும் முகாம் நடத்தலாம். வாடகை வான்காரர் அளந்த சீட்டைக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளட்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வானைப் பேசி முடிக்கும்போது வாடகையோடு சேர்த்து அந்தச் சீட்டையும் கேட்கட்டும். அவர்கள் கேட்கத் தொடங்கினால், சட்டம் வருவதற்கு முன்பே வான்காரர்கள் டயர் கடைக்குப் போய்விடுவார்கள்.