காட்டாமணக்கும் ஆகாய விமானமும்

வேலியோரத்தில் கேட்பாரற்று வளரும் காட்டாமணக்கை அறியாதவர் நம்மில் இல்லை. ஆடு மாடு அதில் வாய் வைப்பதில்லை. கிள்ளினால் பால் வடியும். நமது ரப்பர் மரமும் அதுவும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தச் செடியின் எண்ணெயில் ஆகாய விமானமே பறந்துவிட்டது. 2008 டிசம்பர் 30-ல் ஏர் நியூசிலாந்தின் 747 விமானம், தன் நான்கு இயந்திரங்களில் ஒன்றில் பாதிக்குப் பாதி இந்த எரிபொருளைக் கலந்து ஓட்டிப் பார்த்தது. 2018 ஆகஸ்ட் 27-ல் டேராடூனிலிருந்து டில்லிக்கு ஸ்பைஸ்ஜெட் விமானமும் இதைக் கலந்து பறந்தது. விஞ்ஞானிகளின் திறமையை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

எண்ணெய் எரியும் என்று தெரிந்துவிட்டது. கொட்டை பொறுக்குபவன் வீட்டில் அடுப்பு எரியுமா என்பதே நமது கேள்வி.

தரிசில் வளரும், தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம் என்று இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆசை காட்டினார்கள். 2017-க்குள் டீசலில் 20 சதவிகிதம் உயிர் எரிபொருள் கலப்பதென்று 2009-ல் இந்திய அரசு கொள்கை வகுத்தது. தமிழ்நாட்டு விவசாயிகளும் நம்பி நட்டார்கள். நடந்தது என்ன? வறண்ட மண்ணில் செடி சாகவில்லை. சரியாகக் காய்க்கவும் இல்லை. காய்ப்பதற்கு நல்ல மண்ணும் நீரும் உரமும் கேட்டது. 2007-ல் இத்தொழிலில் கூட்டுச் சேர்ந்த பி.பி. எண்ணெய்க் கம்பெனி 2009-லேயே விலகிக்கொண்டது. கம்பெனி விலகலாம், நட்டவன் எங்கே விலகுவான்? ஏட்டில் தரிசு என்று எழுதிய நிலமும் பல இடங்களில் ஏழையின் ஆட்டுக்கு மேய்ச்சல், அவன் அடுப்புக்கு விறகு.

கூலிக் கணக்கையும் பாருங்கள். ஒரே செடியில் பூவும் பிஞ்சும் பழமும் சேர்ந்திருக்கும். ஒருமிக்க அறுக்க முடியாது. பழுத்ததைத் திரும்பத் திரும்பக் கையால் பறித்து, தோல் நீக்கி, உலர்த்தவேண்டும். ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் 4 கிலோ கொட்டை வேண்டும். அதுவும் விஷக் கொட்டை. பிண்ணாக்கை அப்படியே மாட்டுக்குப் போட முடியாது. நியாயமான கூலி கொடுத்தால் எண்ணெய் விலை கட்டாது. எண்ணெய் மலிய வேண்டுமானால் கூலியில் கை வைக்கவேண்டும். பால் எடையைப் பார்த்துக் கூலி வாங்கிய நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

இப்போது அமெரிக்காவில் கமெலினா, பென்னிகிரஸ் என்ற கடுகினச் செடிகளைப் பற்றிப் பேசுகிறார்கள். இவை வயலில் களையாக முளைத்தவை. நிலம் சும்மா கிடக்கும் குளிர்காலத்தில் விதைத்து, இயந்திரத்தால் அறுக்கலாம் என்கிறார்கள். இது மேலான யோசனையே. ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் விமான எரிபொருளில் 2 சதவிகிதம் பசுமை எரிபொருள் இருக்கக் கட்டளையிட்டுள்ளது. 2050-ல் அது 70 சதவிகிதமாகும். ஆகவே புதுப்புதுச் செடிகளுடன் ஆட்கள் வந்துகொண்டேயிருப்பார்கள்.

நாம் புதுமைக்குப் பகைவர் அல்லர். ரப்பர் போய்ச் செம்பனை வந்ததைப் பார்த்தவர்கள் நாம். எந்தப் பயிரும் வரட்டும். ஆனால் நாற்று இறங்குவதற்கு முன்பே சிலவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டும். விளையாத மாதத்திலும் நாட்கூலி உண்டா? எடைக்குத்தான் கூலி என்றால் கிலோவுக்கு எவ்வளவு? பயிர் தோற்றால் தொழிலாளியின் வீடு யார் பொறுப்பு? இவற்றில் கையெழுத்து விழும்வரை எந்தச் செடிக்கும் நாம் குழி வெட்டவேண்டியதில்லை.