கம்பளிக் கிராமங்களின் எழில்

இங்கிலாந்து சென்று மீண்டோர் எழுதும் பிரயாணக் கட்டுரைகளில் கொட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகளிடையே உல்லாசமாகக் கழிந்த ஒரு நாளுக்குத் தவறாமல் இடமுண்டு. தேன்நிறக் கல்வீடுகள், வாசலிலே ரோஜாக்கொடி, ஓடையிலே வாத்து, பிற்பகலிலே தேநீர். அவ்வீடுகளில் வாழ்ந்தவர் யார் என்ற கேள்வி மட்டும் இவர்களுக்கு எழுவதில்லை. நாம் கேட்டாலோ, "ஒருநாளாவது அரசியலை மறந்து அழகைப் பாருங்களேன்" என்று உபதேசம் வேறு!

பார்ப்போம். பைபரிக் கிராமத்திலே எல்லோரும் படம் பிடிக்கும் ஆர்லிங்டன் வரிசை வீடுகள் 14ஆம் நூற்றாண்டில் துறவிமடத்தின் கம்பளிக் களஞ்சியமாக எழுந்தவை. 17ஆம் நூற்றாண்டில் அதனைச் சிறு வீடுகளாகத் தடுத்து நெசவாளரைக் குடியமர்த்தினர். அவர்கள் நெய்த துணி அருகிலிருந்த ஆலையில் அடித்துக் கெட்டியாக்கப்பட்டு, வீடுகளின் எதிரேயுள்ள ஈரத் திடலிலே சட்டங்களில் விரித்து உலர்த்தப்பட்டது. நீர்ப்பறவைகளைக் கண்டு நமது கட்டுரையாளர் மெய்சிலிர்க்கிறாரே, அதே திடல்தான். இன்று இத்தகைய வீடுகளை லண்டன் செல்வர் வார இறுதி வாசத்துக்கு வாங்குகின்றனர். அயலிலே கூலிக்கு உழைப்பவனுக்கு அவை எட்டாக்கனி.

இங்கிலாந்தின் மிக அழகிய கிராமம் பைபரி என்றார் வில்லியம் மொறிஸ். வழிகாட்டி நூல்கள் இதனை ஓயாது ஒப்பிக்கின்றன. அதே மொறிஸ் 1883இல் சோஷலிஸ இயக்கத்தில் இணைந்து, தொழிலாளரிடையே தெருவில் நின்று பேசியவர் என்பதை அவற்றுள் எத்தனை கூறுகின்றன? புகழுரையை எடுத்துக்கொண்டு மனிதரைக் கைவிடுவதுதான் இவர்களது இரசனை போலும்.

அழகு நமக்குப் பகையன்று. அக்கல்லைச் செதுக்கிய கைகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்கிறோம். அக்குன்றுகளின் கிழக்கோரத்திலே, ஒக்ஸ்போட்ஷயரில், அஸ்கொட்-அண்டர்-விச்வூட் என்னும் சிற்றூர் உண்டு. 1873இல் அங்கு விவசாயக் கூலிகள் சங்கமாகச் சேர்ந்து கூலி உயர்வு கேட்டனர். பண்ணைக்காரர் அவர்களுக்குப் பதிலாக அயலூர் ஆட்களை வேலைக்கு அழைத்தார். வந்தவர்களை வழிமறித்து, வேலைக்குப் போகவேண்டாமெனத் தடுத்ததே குற்றமாகி, 16 பெண்கள் கடூழியச் சிறைத்தண்டனை பெற்றனர். கைக்குழந்தையோடு சிறை புகுந்தோரும் அவர்களுள் இருந்தனர். தண்டித்த நீதவான்கள் இருவரும் மதகுருமார்! சிப்பிங் நோட்டன் நகரில் மக்கள் கொதித்தெழுந்து பொலிஸ் நிலையத்தின்மீது கல்லெறிந்தனர். இரவோடிரவாக அப்பெண்கள் ஒக்ஸ்போட் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

அவ்வூர்ப் பொதுத்திடலிலே அவர்கள் நினைவாக இருக்கைகள் அமைத்திருக்கிறார்கள். நாம் படித்த பிரயாணக் கட்டுரை எதிலும் அவற்றைக் காணோம்.