ஓரணா சாப்பாடு எந்தக் கணக்கில்?

ஏப்ரலும் அக்டோபரும் பிறந்தால் சென்னையில் வீடு வைத்திருப்பவர்களுக்குச் சொத்து வரி ஞாபகம் வந்துவிடும். அரையாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. அதற்காகவே அவசரமாகக் கட்டிவிட்டு, செல்போனில் வந்த ரசீதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். “வரியை மட்டும் கரெக்டா வாங்கிடுறாங்க. நம்ம தெருவுக்கு என்ன செஞ்சாங்க?”

நியாயமான கேள்விதான். ஆனால், மாநகராட்சிக் கட்டடத்துக்குள் இதைவிடக் கூரான கேள்வி ஒன்று நடமாடுகிறது. ‘எந்தக் கணக்கில்?’ என்பதுதான் அது. மக்களுக்கான ஒரு நல்ல காரியம் பிழைப்பதும் படுத்துவிடுவதும் பல சமயம் இந்த இரண்டு சொற்களில்தான் இருக்கிறது. இதற்குச் சென்னையிலேயே நூறு வருடத்துப் பழைய சாட்சி உண்டு.

1920-ம் வருடம். மாநகராட்சியின் தலைவர் சர் பிட்டி தியாகராயர். (மேயர் என்ற பதவி 1933-ல்தான் வந்தது.) தி.நகருக்குப் புடவை எடுக்கப் போகிறவர்கள் தினமும் சுருக்கிச் சொல்லும் ‘தி’ இவர்தான். ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளி இருந்தது. அங்கே படிக்க வருபவர்கள் எல்லாம் ஏழை வீட்டுப் பிள்ளைகள், அந்த ஏழ்மையால் பள்ளியில் பிள்ளைகளின் எண்ணிக்கை பெரிதும் பாதிக்கப்படுகிறது என்று அவர் மன்றத்தில் எடுத்துச் சொன்னார். பள்ளியிலேயே உணவு கொடுக்கலாம் என்று அந்த செப்டம்பரில் மன்றம் ஒப்புக்கொண்டது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை.

ஓரணா என்றால் ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. இன்றைய பிள்ளைகளுக்கு அணாவைத் தாத்தா பாட்டிதான் விளக்க வேண்டும்.

திட்டம் போட்ட விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ‘நகரமெங்கும் உணவு’ என்று மேடை அறிவிப்பாக அது தொடங்கவில்லை. முதலில் ஒரே ஒரு பள்ளி. அங்கே சரிவந்த பிறகு இன்னும் நான்கு பள்ளிகள். 1922-23-ல் ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 811 பிள்ளைகள் இருந்தார்கள். இரண்டே வருடத்தில், 1924-25-ல், அது 1,671. இரண்டு மடங்குக்கும் அதிகம். அத்தனை பேரும் தினமும் சாப்பிட்டிருந்தால்கூட ஒரு நாள் செலவு ஏறக்குறைய 104 ரூபாய்தான். ஒரு நகர மன்றம் போட்ட பணத்துக்குக் கண்முன்னே இப்படிப் பலன் கிடைப்பது அபூர்வம்.

1925 ஏப்ரல் 1-ம் தேதி அது நின்றுபோனது.

உணவு சரியில்லை என்று யாரும் நிறுத்தவில்லை. மன்றத்துக்கு மனசு மாறிவிடவும் இல்லை. தொடக்கக் கல்விக்கான நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்ய ஆங்கில அரசு அனுமதி மறுத்தது. கல்விக்கு வைத்த பணத்தைச் சாப்பாட்டுக்கு எடுக்கக் கூடாது; அவ்வளவுதான் விஷயம். வயிறு நிறைந்தால்தான் பிள்ளை பள்ளிக்கு வரும், வந்தால்தான் படிக்கும் என்பது எந்தத் தாய்க்கும் தெரியும். கணக்குப் புத்தகத்தில் அதற்குப் பத்தி கிடையாதே! அதே வருடம் தியாகராயரும் மறைந்தார்.

இரண்டு வருடம் கழித்து, 1927-ல், மாநகராட்சி திரும்பக் கேட்டுப் பெற்று உணவைத் தொடங்கியது. இந்த முறை 25 பள்ளிகளில் 1,000 ஏழைப் பிள்ளைகளுக்கு. பள்ளிக்குச் சராசரியாக 40 பேர். அந்த 40-ல் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று பெயர் எழுத உட்கார்ந்த ஆசிரியர்களின் பாட்டை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

பிறகு நடந்தது பெரும்பாலும் எல்லோரும் அறிந்தது. 1956-ல் காமராஜர், 1982-ல் எம்.ஜி.ஆர். என்று பள்ளி உணவு மாநில அரசின் மடிக்குப் போய்ச் சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது அரசு ஒதுக்கிய தொகை 33.56 கோடி ரூபாய். 1,545 பள்ளிகள், 1,14,095 பிள்ளைகள், ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 12 ரூபாய் 75 காசு. எந்தக் கணக்கு என்ற கேள்விக்கு அங்கே ஆணையிலேயே பதில் இருந்தது.

இன்றைக்கும் மாநகராட்சியின் பணம் ஒரே பானையில் இருப்பதில்லை. வீட்டில் அம்மாக்கள் மளிகைக்கு ஒரு டப்பா, பால்காரருக்கு ஒரு டப்பா, சீட்டுக்கு ஒரு டப்பா என்று வைப்பார்களே, அதே கதைதான். என்ன, இங்கே அவசரத்துக்கு ஒரு டப்பாவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் தணிக்கையில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

சொத்து வரியும் தொழில் வரியும் மாநகராட்சியின் சொந்தச் சம்பாத்தியம். மனை, வீடு கைமாறும்போது வசூலாகும் முத்திரைத் தீர்வையில் ஒரு பங்கு வரும். மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி அரசு தரும் பங்கும், மத்திய நிதிக்குழு மானியமும் தனி. ரசீதில் சொத்து வரியோடு வரும் நூலக வரியோ வரித்தொகையில் 10 சதவீதம். அதை மாநகராட்சி வசூலித்து நூலகத் துறைக்குக் கொடுக்க வேண்டும். கையில் வாங்குகிறது என்பதற்காக அது அதன் பணம் ஆகிவிடாது.

பெரிய வேலைகளுக்குக் கடன். வடசென்னைப் பக்கம் கொசஸ்தலையாற்று வடிநிலப் பகுதியின் மழைநீர் வடிகாலுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி கடன் கொடுத்தது. தெற்கே கோவளம் வடிநிலப் பகுதிக்கு ஜெர்மனியின் வளர்ச்சி வங்கி. கோடி கோடியாக வரும் இந்தப் பணத்தில் குழாய் பதிக்கலாம், கால்வாய் கட்டலாம். பக்கத்துத் தெரு மாநகராட்சிப் பள்ளியின் மழலையர் வகுப்புக்கு ஓர் ஆயா வைக்க முடியாது. ஆயாவுக்கு மாதாமாதம் சம்பளம் வேண்டும். அது வருவாய்க் கணக்கு. அந்த டப்பாவில் எப்போதும் காசு குறைச்சல்தான்.

இதனால்தான் நகரத்தில் ஒரு வேடிக்கை நடக்கிறது. உடற்பயிற்சிக் கூடம் கட்டுவது சுலபம். காலை ஐந்தரைக்கு அதைத் திறந்துவிட ஓர் ஆளை வைப்பது கஷ்டம். கழிப்பறைக்குத் திறப்பு விழா நடக்கும். மறுநாளிலிருந்து தண்ணீர் விட்டுக் கழுவுகிறவருக்குச் சம்பளம் எங்கிருந்து என்ற பேச்சு விழா மேடையில் வராது. கட்டடத்தில் கல்வெட்டு வைத்துப் பெயர் போடலாம், ஆயாவின் சம்பளத்தில் யாருடைய பெயரைப் பொறிப்பது?

2013-ல் தொடங்கிய அம்மா உணவகங்கள் இதற்கு நேர் எதிர். இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். அந்த விலைக்கு விற்றால் அரிசி, பருப்பு, அடுப்பு, ஆள்கூலிக்குக் கட்டுப்படியாகாது என்று கணக்குத் தெரியாதவர்களும் சொல்லிவிடுவார்கள். அந்த இடைவெளியை வருடா வருடம் யாராவது நிரப்பியாக வேண்டும். உணவகத்தின் சுவரில் எந்தப் படம் என்று நடந்த சண்டையில் பாதி நேரத்தையாவது இந்த இடைவெளிக்குச் செலவிட்டிருந்தால், ஓட்டைப் பாத்திரம், பழுதான கிரைண்டர் பற்றிய புகார்கள் குறைந்திருக்கும்.

சரி, இதையெல்லாம் முடிவு செய்வது யார்? சென்னையில் 200 வார்டுகள், பல மண்டலங்கள். உங்கள் கவுன்சிலர் மண்டலக் கூட்டத்தில் கேட்பார். அங்கிருந்து நிலைக்குழுக்களுக்குப் போய், மன்றத்தில் தீர்மானமாகி, ஆணையர் வழியாக வேலையாக வேண்டும். வார்டு வளர்ச்சிக்கு என்று கவுன்சிலருக்குத் தனியாக நிதியும் உண்டு. குடிநீரும் கழிவுநீரும் மட்டும் தனி வாரியத்தின் பொறுப்பு. கவுன்சிலரிடம் குடத்தைக் காட்டிக் கோபப்படுகிறவர்களில் பலருக்கு இது தெரியாது. தெரிந்த கவுன்சிலர்களும், பாவம், ஓட்டுக் கேட்கும்போது அதைச் சொல்வதில்லை.

மன்றமே இல்லாமல் இந்த ஊர் ஓடிய காலமும் உண்டு. 1973-ல் கலைக்கப்பட்ட மன்றத்துக்கு மறுபடி தேர்தல் நடந்தது 1996-ல். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பின், அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல்தான். அந்த ஐந்து வருடங்களிலும் பட்ஜெட் போட்டார்கள், வரி வாங்கினார்கள். எங்கள் தெருவுக்கு ஏன் ஒதுக்கவில்லை என்று எழுந்து கேட்க மன்றத்தில் ஒருவர்கூட இல்லை. புது மன்றம் உட்கார்ந்து ஒரு மாதம் ஆவதற்குள், தமிழ்நாடு முழுக்கச் சொத்து வரி 25 முதல் 150 சதவீதம் வரை உயரும் என்ற அறிவிப்பு வந்தது.

அதே வருடம் இன்னொன்றும் வந்தது. அதை அவ்வளவாக யாரும் கவனிக்கவில்லை. கிராமசபை போல நகரங்களுக்கும் பகுதி சபை. ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் உட்கார்ந்து பேசும் கூட்டம். 2022 நவம்பர் 1 அன்று முதல் கூட்டங்கள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்ததில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது இது கூட வேண்டும் என்பது விதி.

உங்கள் பகுதியில் கடைசியாக எப்போது கூடியது என்று தெரியுமா? தெரியாவிட்டால் வார்டு அலுவலகத்தில் விசாரியுங்கள். பட்ஜெட் வாசிக்கும் மாதத்தில் மனுவோடு ஓடுவதில் பயனில்லை; அதற்குள் டப்பாக்கள் பிரிக்கப்பட்டிருக்கும். மழைக்காலத்திலேயே பேச்சைத் தொடங்குவது நல்லது. கூட்டத்தில் பூங்கா கேட்கிறவர்கள், பூட்டுச் சாவி யாரிடம் இருக்கும், காவலாளியின் சம்பளம் எந்தக் கணக்கில் என்று சேர்த்தே கேட்கலாம். அதிகாரி உடனே பதில் சொல்லிவிட்டால், அந்தப் பூங்கா அடுத்த வருடமும் திறந்திருக்க வாய்ப்பு உண்டு.

பேசி முடித்ததும் தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் இருக்கவே இருக்கிறது தகவல் உரிமைச் சட்டம். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டினாலே போதும்.